அந்தி வெளிச்சத்தில் ஒரு படம்
(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

படிப்பைப் பற்றித்தான் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று படம் பிடிப்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

செம்பனைக்கு வயது 25-ஐ நெருங்கினால் சாய்த்துவிட்டு மறுநடவு செய்வது வழக்கம். நம் தோட்டத்திலும் சென்ற ஆண்டு பள்ளிக்குப் பின்புறத்து மரங்களைச் சாய்த்தார்கள். அதுவரை வானத்தைத் துண்டு துண்டாகப் பார்த்த பிள்ளைகளுக்கு அடிவானமே தெரிந்தது. அமெரிக்காவில் பிரேரி என்னும் பெரும் புல்வெளி உண்டென்று பாடத்தில் சொல்வோமே, அதுபோல ஒரு வெட்டவெளி. கன்றுகள் வளர்ந்ததும் இது மறைந்துவிடும்.

ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் அங்கே சூரியன் மறைவதைக் கைத்தொலைபேசியில் எடுத்து வந்து காட்டினான். சிவந்த வானம், வேறொன்றும் இல்லை. "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இது நம்ம தோட்டம்னு எப்படித் தெரியும்?" என்றேன். மறுநாள், மாடு ஓட்டி வந்த தன் தாயாரை நிற்க வைத்து எடுத்தான். அந்த அம்மா படத்தைப் பார்த்துவிட்டு, "என்னங்க சார், என் மொகம் கரிக்கட்டை மாதிரி இருக்கு!" என்றார்.

காரணம் இதுதான். சூரியன் ஆளுக்குப் பின்னால் இருந்தால், கருவி வானத்து வெளிச்சத்தையே கணக்கில் எடுத்து ஆளைக் கருநிழலாக்கிவிடும். மரத்துக்கு அது அழகு. தாய் முகத்துக்கு ஆகாது. ஆகவே சூரியன் நம் முதுகுப் பக்கம் இருக்கட்டும். மாலை ஒளி காற்று மண்டலத்தில் நெடுந்தூரம் கடந்து வருவதால் நீலம் சிதறிப்போய், மஞ்சளும் சிவப்பும் மிஞ்சுகின்றன. அது முகத்தில் விழுந்தால் மஞ்சள் பூசியது போலிருக்கும்.

சூரியன் இறங்கியதும் ஓடிவிடாதீர்கள். ஜொகூர் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் நல்ல அந்தி வெளிச்சம் இருபது நிமிடத்துக்குச் சற்று மேல்தான் நிற்கும். அப்போது கை ஆடினால் படம் கலங்கிவிடும். கருவியை வேலிக் கம்பத்திலோ சைக்கிள் இருக்கையிலோ அணைத்துப் பிடியுங்கள். ஃபிளாஷ் விளக்கு கிட்டத்தில் இருப்பதற்குத்தான் எட்டும், வெட்டவெளிக்கு உதவாது.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன்? என் தந்தையார் பால்மரம் வெட்டியவர். அவர் பிறந்து வளர்ந்த தோட்டம் இன்று வீடமைப்புப் பகுதி. லயமும் இல்லை, கோயில் மரமும் இல்லை. கத்தியும் வாளியுமாக அவர் நிற்கும் படம் ஒன்றுகூட எங்களிடம் கிடையாது. அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கித்தான் மாலை போட்டிருக்கிறோம்.

பெற்றோர்களே, பிள்ளை படம் எடுக்க வந்தால் "போய் வேலையைப் பாரு" என்று விரட்டாதீர்கள். ஐந்து நிமிடம் நில்லுங்கள். மாணவர்களே, எடுத்ததைக் கைத்தொலைபேசியிலேயே விட்டுவிடாதீர்கள். கடையில் அச்சிட்டு, பின்புறம் பெயரும் இடமும் தேதியும் எழுதி வையுங்கள்.

அந்த மாணவன் மூன்றாம் முறை எடுத்த படம் இப்போது அவர்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. தாயார் சிரிக்கிறார்; பின்னால் நம் தோட்டம் தெரிகிறது.