ஜட்டு போன சனிக்கிழமை

(பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கிறோம். திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் குறைத்திருக்கிறோம்.)

இன்னைக்கு கெஸ்ட் யாரும் இல்ல. நான் மட்டும்தான். ஒரகடம் ரூம்ல, ஃபேனை ஆஃப் பண்ணிட்டு ரெக்கார்ட் பண்றேன். பின்னாடி லாரி சத்தம் கேட்டா கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க, வண்டலூர் – வாலாஜாபாத் ரோட்டை நான் ஆஃப் பண்ண முடியாது.

விஷயத்துக்கு வர்றேன். நவம்பர் 15, சனிக்கிழமை. ஈடன் கார்டன்ஸ்ல தென்னாப்பிரிக்காவோட டெஸ்ட், ரெண்டாவது நாள். நைட் ஷிப்ட் முடிச்சு வந்து, பல்லு கூட விளக்காம போனைப் பார்க்குறேன். வாட்ஸ்ஆப் குரூப்ல நூத்துக்கும் மேல மெசேஜ். ஒரு வாரமா வதந்தியா ஓடிட்டு இருந்தது உறுதியாயிடுச்சு. ரவீந்திர ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தான் ராயல்ஸுக்கு. சஞ்சு சாம்சன் சென்னைக்கு.

இதுல என்ன கொடுமைன்னா, அந்த நேரத்துல ஜட்டு கிரவுண்ட்ல இருக்காரு. அன்னைக்குத்தான் டெஸ்ட்ல 4000 ரன்னைத் தாண்டுறாரு. 4000 ரன், 300 விக்கெட் ரெண்டையும் எடுத்தவங்க அவருக்கு முன்னாடி போத்தம், கபில் தேவ், வெட்டோரி, மூணே பேர்தான். சாயங்காலத்துக்குள்ள நாலு விக்கெட்டும் எடுத்துட்டாரு. நான் டிவியில அதைப் பார்த்துக் கைதட்டிட்டே, போன்ல "டேய், ஆளை வித்துட்டாங்கடா"ன்னு டைப் பண்ணிட்டு இருக்கேன்.

எங்க ரூம்ல ஆறு பேர். அதுல திருச்சூர்க்காரர் ஒருத்தர், நாங்க சேட்டான்னுதான் கூப்பிடுவோம். அவருக்கு அன்னைக்கு ஓணம். "சஞ்சு நம்ம டீம்டா"ன்னு டீ வாங்கிக் கொடுத்தாரு. பக்கத்து ரூம்ல ஜெய்ப்பூர் பையன் ஒருத்தன். அவன் கதவுல சாஞ்சு நின்னுக்கிட்டு, "அண்ணா, ஜட்டு வீட்டுக்குத் திரும்பி வந்துட்டாரு"ன்னான். அவன் சொன்னதும் தப்பில்ல. 2008ல ஷேன் வார்னே கேப்டனா இருந்து கப் அடிச்ச ராஜஸ்தான் டீம்ல ஜடேஜா ஒரு சின்னப் பையன். அவரோட ஐபிஎல் தொடங்கினதே அங்கதான்.

ஆனா நமக்கு அவர் யாரு? 2012ல வந்தாரு. டீமுக்குத் தடை விழுந்த ரெண்டு வருஷம் குஜராத் லயன்ஸ்ல ஆடினாரு. 2018ல திரும்பவும் மஞ்சள். மொத்தம் 12 சீசன். ஜாம்நகர்ப் பக்கத்து ஆள். நம்ம சென்னைப் பையன் சாய் சுதர்சன் 2023 ஃபைனல்ல நமக்கு எதிரா 96 அடிக்கும்போது தலையில கை வச்சு உக்காந்தோம். சௌராஷ்டிராக்காரர் வந்து நம்மளைக் காப்பாத்தினாரு. எது நம்ம ஊரு, யாரு நம்ம ஆளுன்னு கேட்டா, இந்த விளையாட்டுல நேரான பதில் கிடையாது.

அந்த ஃபைனலைப் பத்திச் சொல்லியே ஆகணும். அகமதாபாத்ல ஞாயிற்றுக்கிழமை முழுக்க மழை, மேட்ச் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போச்சு. அன்னைக்கும் நடுவுல மழை. நமக்கு 15 ஓவர்ல 171னு டார்கெட்டை மாத்தி, நடுராத்திரிக்கு மேல ஆட்டம் மறுபடி தொடங்குது. எனக்கு சி ஷிப்ட். போன் லாக்கர்ல. மெஷின் முன்னாடி நிக்கிறேன், கை வேலை பார்க்குது, மனசு இங்க இல்ல. ஒன்றரை மணி தாண்டி, கேன்டீன் பக்கத்துல இருந்து ஒரு விசில் சத்தம். ஒண்ணுதான். அப்புறம் பத்து. சூப்பர்வைசர் உட்பட எல்லாரும் திரும்பிப் பார்க்குறோம். டீ டிரம் எடுத்துட்டு வந்த அண்ணன் ரெண்டு விரலைக் காட்டி, "கடைசி ரெண்டு பால், பத்து ரன். ஜட்டு சிக்ஸு, ஃபோரு!"ன்னாரு. தோனி ஜடேஜாவை அப்படியே தூக்கினதைக் காலையில கம்பெனி பஸ்ல உக்காந்துதான் பார்த்தேன். அஞ்சு தடவை பார்த்தேன். சுங்குவார்சத்திரம் வர்ற வரைக்கும் பார்த்தேன்.

இப்போ கொஞ்சம் கசப்பான விஷயம். அதே 2023 சீசன்ல சேப்பாக்கத்துல நானும் இருந்தேன். லீவு போட்டு, சிங்கபெருமாள் கோயில் வந்து ட்ரெயின் பிடிச்சுப் போன மேட்ச். ஜடேஜா பேட் பண்றாரு, அடுத்து தோனி இறங்கணும். கூட்டம் "தோனி, தோனி"ன்னு கத்துது. ஜடேஜா அவுட். ஸ்டேடியமே எந்திரிச்சு நிக்குது. நம்ம பேட்ஸ்மேன் அவுட்டானதுக்கு! நானும் விசில் அடிச்சேன். அப்போ அது ஜாலியாத்தான் இருந்துச்சு. அந்த சீசன்லயே அவர் சிரிச்சுக்கிட்டே ஒரு வார்த்தை சொன்னாரு: நான் மேல இறங்கினா, நான் எப்போ அவுட் ஆவேன்னுதான் காத்துட்டு இருப்பாங்கன்னு. அடுத்த வருஷம் கொல்கத்தா மேட்ச்ல தோனிக்கு முன்னாடி இறங்குற மாதிரி பாவ்லா காட்டிட்டுத் திரும்பிப் போய் அதையே ஒரு காமெடி ஆக்கிட்டாரு. அவர் பெரிய மனசுக்காரர், அதான் காமெடி. இதே வேலையை எனக்கு லைன்ல யாராவது பண்ணியிருந்தா, நான் மறுநாளே ரெஸ்யூம் அப்டேட் பண்ணியிருப்பேன்.

அதனால "ஜட்டுவை அனுப்பிட்டாங்களே"ன்னு நாம கண்ணைக் கசக்கும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமா இருக்கு. 2022ல கேப்டன் ஆக்கினாங்க, எட்டே மேட்ச், அதுல ஆறு தோல்வி, பொறுப்பை தோனிகிட்டயே திருப்பிக் கொடுத்தாரு. அப்போ அவரை மீம் போட்டவங்கள்ல பாதிப் பேர் இன்னைக்கு ஸ்டேட்டஸ்ல உடைஞ்ச இதயம் போட்டிருக்காங்க. நானும் போட்டேன், மறைக்கல.

சரி, மூளை என்ன சொல்லுது? 2025ல 14 மேட்ச்ல 4 ஜெயிச்சோம். கடைசி இடம். நம்ம வரலாற்றுல முதல் தடவை. கொல்கத்தாவுக்கு எதிரா சேப்பாக்கத்துலயே 103 ரன். தோனிக்கு அப்போ வயசு 44. சஞ்சுவுக்கு 31, கீப்பர், மேல இறங்கி அடிக்கிற ஆள், ராஜஸ்தானை 2022 ஃபைனல் வரைக்கும் கூட்டிட்டுப் போன கேப்டன். ஜட்டுவுக்கு 2025 டிசம்பர்ல 37. ஒரு மேனேஜரா உக்காந்து யோசிச்சா இந்த டிரேட் சரி. ராஜஸ்தானும் ஒன்பதாவது இடம்தான். முங்குற ரெண்டு படகு சாமானை மாத்திக்கிட்ட கதை.

காசு விஷயமும் பாருங்க. சஞ்சு அதே 18 கோடிக்கு வர்றாரு. ஜடேஜாவுக்கு இங்க 18 கோடி, அங்க 14 கோடி. சாம் கரன் 2.4 கோடி. 14 கோடியும் நம்ம சம்பளமும் ஒண்ணு இல்லன்னு எனக்குத் தெரியும், கமென்ட்ல வந்து திட்டாதீங்க. ஆனா அந்த நாலு கோடி என்னைக் குத்திச்சு. கப் வாங்கிக் கொடுத்த ஆளுக்கு "உன் ரேட் இப்போ இவ்வளவுதான்"னு எழுதிக் காட்டுற மாதிரி.

ஒண்ணு, ஐபிஎல்ல வீரரோட சம்மதம் இல்லாம டிரேட் நடக்காது. நிர்வாகமும் அப்படித்தான் சொல்லுது: ரொம்பக் கஷ்டமான முடிவு, பேசித்தான் எடுத்தோம்னு. அமெரிக்கால பேஸ்பால்ல நிலைமை வேற. அங்க சீசன் நடுவுலயே ஆளை மாத்துவாங்க. 2025 ஜூன்ல பாஸ்டன் ரெட் சாக்ஸ் அவங்களோட ஸ்டார் ரஃபேல் டெவர்ஸை சான் பிரான்சிஸ்கோவுக்கு அனுப்பினாங்க. பரம எதிரி நியூயார்க் யாங்கீஸைத் தொடர்ந்து மூணு மேட்ச் ஜெயிச்ச அதே நாள்ல! ரசிகன் கொண்டாடிட்டு வீட்டுக்கு வந்தா ஆள் இல்ல. ஆனா அவங்ககிட்ட ஒரு நல்ல விதி இருக்கு: லீக்ல பத்து வருஷம், அதுல கடைசி அஞ்சு வருஷம் ஒரே டீம்னு இருந்துட்டா, உன் சம்மதம் இல்லாம உன்னை அனுப்ப முடியாது. உழைச்ச வருஷத்துக்கு ஒரு மரியாதை.

அதைப் படிச்சதும் எனக்கு எங்க லைன் லீடர் அண்ணன் ஞாபகம் வந்துச்சு. கம்பெனி பேர் வேணாம். ஒன்பது வருஷம் ஒரே லைன். மெஷின் சத்தத்தை வச்சே டூல் தேஞ்சிருக்குன்னு சொல்லுவாரு, எனக்குத் தொழில் கத்துக் கொடுத்ததே அவர்தான். ஒரு மாசத்து நடுவுல, ஒரு மெயில். வேற யூனிட். அவரோட பொண்ணு இங்க ஸ்கூல்ல ஏழாவது படிக்குது. யாரும் அவரைக் கேக்கல. அவர் இடத்துக்குப் புரோகிராமிங் தெரிஞ்ச சின்ன வயசுப் பையன் வந்தான். நான் ஒரு மாசம் அவன்கூட முகம் கொடுத்தே பேசல.

இதுல கஷ்டம் என்னன்னா, பையன் நல்ல பையன். ரிஜெக்‌ஷன் குறைஞ்சுது. எனக்கு ஆஃப்செட் போடுறது எப்படின்னு பொறுமையா சொல்லிக் கொடுத்தான். கம்பெனி எடுத்த முடிவு தப்புன்னு என்னால வாதாட முடியல. அண்ணன் போன ஞாயிறு போன் பண்ணி, "ஜட்டுவையும் டிரான்ஸ்ஃபர் பண்ணிட்டாங்க போலயே தம்பி"ன்னு சிரிச்சாரு.

நம்ம ஏரியாவுக்கு இது புதுசும் இல்ல. ஒரகடம் பிளான்ட்ல நிஸான் வச்சிருந்த பங்கை ரெனோ வாங்கப்போகுதுன்னு 2025 மார்ச்ல அறிவிச்சாங்க. பலகைக்குப் பின்னாடி நிக்கிறவன் மறுநாளும் அதே ஷிப்ட்டுக்குப் பஸ் ஏறினான்.

சஞ்சு மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. 2021ல ராபின் உத்தப்பாவும் இதே ராஜஸ்தான்ல இருந்து டிரேட்ல வந்தவர்தான். யாரும் பெருசா கண்டுக்கல. டெல்லிக்கு எதிரா குவாலிஃபையர்ல 63 அடிச்சாரு, துபாய் ஃபைனல்ல 15 பந்துல 31. நாலாவது கப் வந்துச்சு, உத்தப்பா ஒரே ராத்திரியில நம்ம ஆள் ஆயிட்டாரு. சஞ்சு முதல் மேட்ச்ல ஒரு ஐம்பது அடிச்சா நான் என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியும். விசில்தான். அதான் என் பிரச்சனையே.

அடுத்து ஒரு எபிசோட் போடலாம்னு இருக்கேன், உங்க வாய்ஸ் நோட் அனுப்புங்க. என்கிட்ட எட்டாம் நம்பர் போட்ட மஞ்சள் ஜெர்சி ஒண்ணு இருக்கு. இப்போ ரூம் மொட்டைமாடிக் கொடியில காயுது. பக்கத்து ரூம் ஜெய்ப்பூர் பையன் அதைக் கேட்டான், அவனுக்கு நம்பர் போதுமாம், கலர் பரவாயில்லையாம். தரலடான்னு சொல்லிட்டேன். ராஜஸ்தான் சேப்பாக்கம் வர்ற அன்னைக்கு அதைப் போட்டுட்டுப் போகணும். ஏ ஷிப்ட் கிடைக்கணும், அவ்வளவுதான்.