பெட்டியைத் திறக்கும் கை

எங்கள் வீட்டுத் தென்னைகளுக்கு நடுவே சில தேன்பெட்டிகள் இருக்கின்றன. ஆசைக்காக வைத்தவை, பிழைப்புக்கு வேறு வேலை உண்டு. ஊர் மார்த்தாண்டத்துப் பக்கம் என்பதால் இதை யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. நம் நாட்டுத் தேனீக்கு ஏற்ற சிறிய பெட்டியை 1910-களில் திருச்சியில் உருவாக்கியவர் நியூட்டன் பாதிரியார். அடுத்த பத்தாண்டில், அன்று திருவிதாங்கூரில் இருந்த மார்த்தாண்டத்தில், ஒய்.எம்.சி.ஏ. வழியாகக் கிராமத்து மக்களுக்கு இந்த வளர்ப்பைக் கற்றுக்கொடுத்தார் ஸ்பென்சர் ஹாட்ச். மார்த்தாண்டம் தேனுக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. பெருமைதான். ஆனால் தேனீக்கு இதெல்லாம் தெரியாது. அதற்குத் தெரிவது பெட்டியைத் திறக்கிற கை மட்டுமே.

வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, “வருசத்துக்கு எத்தனை கிலோ கிடைக்கும்?” என்றுதான். தேன் மழையையும் மரத்தையும் பொறுத்தது. ஒருவருடைய திறமையை அறிய வேண்டுமானால், அவர் எதற்காகப் பெட்டியைத் திறக்கிறார், எப்போது திறக்காமல் விடுகிறார் என்று பார்க்க வேண்டும். நம் நாட்டுத் தேனீ ரோசக்காரி. அடிக்கடி தொந்தரவு செய்தாலோ, பசி வந்தாலோ, கூட்டத்தோடு கிளம்பிப் போய்விடும்.

திறக்காமலே தெரிந்துகொள்ளக் கூடியது நிறைய உண்டு. வாசலில் சற்று நேரம் நின்றால் போதும். கால்களில் மகரந்த உருண்டையோடு தேனீக்கள் நுழைந்தால் உள்ளே புழுக்கள் வளர்கின்றன என்று பெரும்பாலும் நம்பலாம். அடிப்பலகையில் மெழுகுத்தூள் உதிர்ந்து கிடந்தால் அந்துப்பூச்சியைச் சந்தேகிக்க வேண்டும். பெட்டியைப் பின்புறம் லேசாகத் தூக்கினால் தேனிருப்பைக் கை சொல்லிவிடும்.

திறந்தே ஆகவேண்டும் என்றால் வெயிலடிக்கிற, காற்றில்லாத வேளையாகப் பார்க்க வேண்டும். கதம்பை நாரைப் பற்றவைத்து இரண்டு ஊது புகை. அதற்கு மேல் வேண்டாம். இத்தாலியத் தேனீயைப் போல நம் தேனீ பிசின் சேர்ப்பதில்லை. அதனால் அடை கட்டிய மரச் சட்டங்கள் ஒட்டிக்கொள்ளாமல் எளிதில் வரும். சட்டத்தை நேராகத் தூக்கிப் பெட்டிக்கு மேலேயே பிடித்துப் பார்க்க வேண்டும். படுக்கைவாட்டில் சாய்த்தால் தேன் பாரத்தில் புது அடை முறிந்துவிடும். தேனீக்கள் அடை முழுக்க ஓடும், கீழ்விளிம்பில் கொத்தாகத் தொங்கும்; அதைக் கண்டு கை நடுங்கக் கூடாது. கொட்டினால் பழுத்த வாழைப்பழ வாசனை ஒன்று எழும். மற்றத் தேனீக்களை அழைக்கும் வாசனை அது. கொடுக்கை உடனே நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் புகை காட்டுவது வழக்கம்.

புதிதாக வருகிறவர்கள் ராணியைத் தேடியே பொழுதைக் கழிப்பார்கள். தேர்ந்தவர்கள் முட்டையைத் தேடுவார்கள். அறையின் அடியில் ஒற்றை முட்டை நிமிர்ந்து நின்றால் மூன்று நாளுக்குள் ராணி அங்கே வந்து போயிருக்கிறாள். அவளை நேரில் பார்க்க வேண்டிய தேவையில்லை. அடையின் கீழ்விளிம்பில் நிலக்கடலை போல அறை தொங்கினால் புது ராணி உருவாகிறாள், கூட்டம் பிரியப் போகிறது என்று கொள்ளலாம்.

எங்கள் பக்கத்தில் பெரிய அறுவடை பூவிலிருந்து வருவதே இல்லை. தையை ஒட்டி ரப்பர் மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கும்போது இலைக்காம்பில் இனிப்பு சுரக்கும். அதைத்தான் தேனீ சேர்க்கிறது. இந்தத் தேன் விரைவில் உறைந்துவிடும். வாங்கியவர்கள் சீனி கலந்தது என்று சண்டைக்கு வருவார்கள். பாட்டிலை இளஞ்சூட்டு நீரில் வைத்துக் காட்டுவதைத் தவிர வழியில்லை. சிலர் அப்போதும் நம்புவதில்லை!

உண்மையான சோதனை மழைக்காலம். ஆனி, ஆடியில் தேனீக்கு வெளியே உணவு கிடைக்காது. பங்குனியில் ஒரு சொட்டு விடாமல் எடுத்தவர் அப்போது சர்க்கரைப் பாகும் கையுமாக அலைய வேண்டியதுதான். பாகை அந்தியில்தான் வைக்க வேண்டும். பகலில் வைத்தால் பக்கத்துப் பெட்டிக்காரி வந்து கொள்ளையடிப்பாள். கூட்டுக்கென்று கொஞ்சம் தேனை விட்டுவைப்பதை நான் பெரிய திறமையாக மதிக்கிறேன். பயிற்சி வகுப்புகளில் லாபக் கணக்குக்குக் கிடைக்கும் நேரம் இதற்குக் கிடைப்பதில்லை.

எந்தத் திறமையும் எடுபடாமல் போன காலமும் உண்டு. 1991–92-இல் தாய் சாக்புரூட் என்னும் வைரஸ் தென்னிந்தியாவில் பரவியது. புழுக்கள் நீர் கோத்த பைபோல அறைக்குள்ளேயே செத்தன. மருந்து கிடையாது. பெரும்பாலான கூட்டங்கள் அழிந்தன. தப்பிய கூட்டங்களிலிருந்துதான் மீண்டும் பெருக்க வேண்டியிருந்தது.

கேட்பவர்களில் யாருக்காவது ஆசை வந்திருந்தால், பூச்சி கொட்டி மூச்சு முட்டிய அனுபவம் உள்ளவர்கள் இதில் இறங்க வேண்டாம். மற்றவர்கள், அனுபவமுள்ள ஒருவரோடு ஒரு மழைக்காலத்தைப் பார்த்துவிட்டுப் பெட்டி வாங்குங்கள். விற்பவர் தேன் நிறைந்த சட்டத்தைத்தான் முதலில் நீட்டுவார். முட்டையுள்ள அடையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.