கொடுங்கோலன் என்று எழுதியவர் யார்?

(கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பள்ளிக்கூடப் புத்தகத்தில் கிரேக்கம் என்றால் ஏதென்ஸின் சனநாயகம், ஸ்பார்ட்டாவின் வீரம். அந்த வீரனுக்குச் சோறு போட்டது யாருன்னு புத்தகம் சொல்லாது. ஹெலட்டுகள், நிலத்தோடு சேர்த்துக் கட்டப்பட்ட உழவடிமைகள். ஸ்பார்ட்டாவின் உயர் அதிகாரிகள் ஒவ்வொரு ஆண்டும் பதவி ஏற்றதும் ஹெலட்டுகள்மீது போர் அறிவிப்பார்களாம். அரிஸ்டாட்டில் சொன்னதாகப் புளூட்டார்க் எழுதுகிறார். எதுக்கு? போரில் கொன்றால் தீட்டு இல்லை. கொலைக்கு முன்னாடியே தீட்டுக் கழிக்கிற ஏற்பாடு!

இந்த ஸ்பார்ட்டாவில் கி.மு. 207இல் ஆட்சியைப் பிடித்தவர் நாபிஸ். பணக்காரர்களை விரட்டினார். அவர்கள் நிலத்தைப் பிரித்தார். அடிமைகளை விடுவித்துக் குடிமக்கள் ஆக்கினார். பிறகு ஆர்கோஸ் நகரம் கைக்கு வந்ததும் அங்கேயும் கடன் ரத்து, நிலப் பங்கீடு. டெலோஸ் தீவில் கிடைத்த கல்வெட்டு இவரை அரசர் என்கிறது. வரலாறோ கொடுங்கோலன் என்கிறது.

அப்படி எழுதிய பாலிபியஸ் யார்? ஸ்பார்ட்டாவின் பகை ஊரான மெகலோபொலிஸைச் சேர்ந்தவர். அவரது அப்பா லைகோர்ட்டாஸ், நாபிஸை எதிர்த்த அகாயக் கூட்டமைப்பின் தலைவர்களில் ஒருவர். அதன் தளபதி ஃபிலோபோமென் இறந்தபோது அஸ்திக் கலசத்தைச் சுமந்தவர் இந்தப் பாலிபியஸ். நாபிஸ் தன் மனைவி சாயலில் ஒரு பொம்மை செய்து, ஆடைக்குள் இரும்பு ஆணிகளை மறைத்து, பணம் தராத செல்வர்களைக் கட்டித் தழுவ வைத்தார் என்ற கதையும் இவர் சொன்னதுதான். எதிராளி வீட்டுச் சாட்சி, பார்த்துக்கோங்க.

ரோமின் கதையும் இப்படித்தான். மாசிடோனியாவை எதிர்க்க ஆள் தேவைப்பட்ட கி.மு. 197இல் நாபிஸோடு கூட்டு. அப்போது உறுத்தாத கொடுங்கோன்மை, 195இல் உறுத்தத் தொடங்கியது. படை வந்தது.

நாபிஸுக்கு மாலை போட நான் வரவில்லை. ரோமப் படை நெருங்கியபோது, எதிரியிடம் ஓடப் பார்த்ததாகச் சில ஹெலட்டுகளைத் தெருத்தெருவாகச் சவுக்கால் அடித்துக் கொன்றார் என்று லிவி எழுதுகிறார். விடுதலை கொடுத்த கையிலேயேதான் சவுக்கும் இருந்தது. மேலேயிருந்து ஒருத்தர் கொடுக்கிற விடுதலைக்கு ஆயுசு அவர் இருக்கிறவரைதான்.

அதுதான் நடந்தது. 192இல் உதவிக்கு வந்ததாகச் சொன்ன ஏட்டோலியர்கள் நாபிஸைக் கொன்றார்கள். 188இல் ஃபிலோபோமென் ஸ்பார்ட்டாவின் மதிலை இடித்தார். கொடுங்கோலர்களால் குடியுரிமை பெற்றவர்கள் வெளியேற வேண்டும் என்று உத்தரவு. போக மறுத்த 3000 பேரைப் பிடித்து விற்றார். வந்த காசில் மெகலோபொலிஸில் தூண் மண்டபம் எழும்பியது.

நான் வங்கியில் பேரேடு எழுதுகிறவன். ஒரு பக்கம் மண்டபம் என்றால் மறுபக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கிறது என் தொழில். மறுபக்கத்தில் 3000 என்ற எண் இருக்கிறது. பெயர் ஒன்றுகூட இல்லை. அவர்கள் ஏன் போக மறுத்தார்கள் என்று யாரும் கேட்டு எழுதவில்லை. உழுத நிலம் முதல்முறையாகத் தன்னுடையதாக இருந்தது, விட்டுப் போக மனசு வரவில்லை என்றுதான் நான் படிக்கிறேன்.

நிலம் கொடுத்தவருக்குக் கொடுங்கோலன் என்று பெயர். 3000 பேரை விற்றவருக்கு என்ன பெயர் தெரியுமா? ‘கடைசிக் கிரேக்கர்’. ஒரு ரோமானியர் கொடுத்த பாராட்டு. புளூட்டார்க் பதிவு செய்திருக்கிறார்.

பட்டங்களைப் படிக்கும்போது, கொடுத்தது யார் என்பதையும் சேர்த்தே படியுங்கள் தோழர்களே.