நீர்த்தாவரம் தரும் எச்சரிக்கை

புத்தளத்துக்குத் தெற்கே, கொழும்பு வீதியிலிருந்து கற்பிட்டிப் பாதை பிரிகின்ற இடத்திலே அமைந்திருப்பது பாலாவி. உப்பளங்களும் சீமெந்துத் தொழிற்சாலையும் அவ்வூரின் அடையாளங்கள். கற்பிட்டிப் பாதையிலே மேலும் சென்றால் நுரைச்சோலை. அங்கே நிலக்கரி மின்நிலையம் 2011ஆம் ஆண்டிலே இயங்கத் தொடங்கியது. இன்று அதன் ஆற்றல் 900 மெகாவாட்.

கடலும் களப்பும் சூழ்ந்த இப்பகுதியில் நன்னீர் அருஞ்செல்வம். மழைநீர் மணலினூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்கின்றது. கிணறு தோண்டி அந்நீரை இறைத்தே மக்கள் தோட்டஞ் செய்கின்றனர். மழைநீரை எளிதில் உட்கொள்ளும் மணல், அந்நீரிற் கரைந்துவரும் நஞ்சையும் எளிதில் உட்கொள்ளும் அன்றோ?

அத்தகைய நஞ்சுகளுள் முக்கியமானவை ஈயம், கட்மியம், இரசம் முதலிய பார உலோகங்கள். நிலக்கரிச் சாம்பலிலும், பழைய மின்கலங்களிலும், சிலவகைப் பொசுபேற்று உரங்களிலும் இவை உண்டு. குப்பை மக்கும்; இவை மக்குவதில்லை. ஓரிடத்தைவிட்டு மற்றோரிடம் செல்லுமேயன்றி அழிவதில்லை.

இவற்றின் தீங்கை முதலில் உணர்வன நீர்த்தாவரங்களே. கட்மியம் இயல்பிலே துத்தநாகத்தை ஒத்தது. செடிக்குத் துத்தநாகம் சிறிதளவு தேவை. எனவே அது செல்லும் வழியாகவே கட்மியமும் வேருக்குள் நுழைந்துவிடுகின்றது. வேர் குறுகுகின்றது. பச்சையம் குன்றி இலை மஞ்சளாகின்றது. செப்பு செடிக்கு வேண்டியதேயெனினும், அளவுக்கு மிஞ்சினால் அதுவும் நஞ்சே. குளங்களிலே பச்சைப் பொட்டுகள்போல் மிதக்கும் லெம்னா என்னுஞ் சிறுசெடியை ஐயத்துக்குரிய நீரிலே 7 நாள் வளரவிட்டு, அதன் வளர்ச்சி குன்றுவதைக் கொண்டு நீரின் நச்சுத்தன்மையை அளவிடுகின்றனர். இச்சோதனைக்கு 2006ஆம் ஆண்டிலே சர்வதேச வழிகாட்டி நெறியும் வகுக்கப்பட்டது.

வாடும் செடி எச்சரிக்கை செய்கின்றது. வாடாத செடியோ? அதுவே பெரிதும் அஞ்சத்தக்கது. ஆகாயத்தாமரை உலோகத்தை வேரிலே தேக்கிக்கொண்டும் செழித்துப் படரும். அழுகியதும் அவ்வுலோகம் மீண்டும் நீரைச் சேரும். வாய்க்கால் ஓரங்களிலே தழைக்கும் கங்குன் கீரையும் உலோகத்தை ஏற்று வைத்திருக்க வல்லது. கீரையைக் கழுவினால் மண் போகும். இலைக்குள் ஏறிய உலோகம் போகாது.

ஜப்பானிலே ஜின்சு ஆற்றங்கரை மக்கள் கண்ட துன்பம் இதற்குச் சான்று. சுரங்கக் கழிவிலிருந்த கட்மியம் ஆற்றுநீருடன் வயல்களைச் சேர்ந்தது; நெல்மணியில் ஏறியது. அச்சோற்றை நெடுங்காலம் உண்டோரின், பெரும்பாலும் பெண்களின், சிறுநீரகங்கள் பழுதுற்றன. எலும்புகள் நலிந்து முறிந்தன. ‘வலிக்கிறதே, வலிக்கிறதே’ என்ற அவர்களது கதறலே ‘இத்தாய் இத்தாய்’ என நோயின் பெயராயிற்று. சூழல் மாசினால் விளைந்த நோய் இதுவென்று ஜப்பானிய அரசு 1968ஆம் ஆண்டிலே ஏற்றுக்கொண்டது.

ஆகவே, நீரின் தெளிவும் இலையின் பசுமையும் தூய்மைக்குச் சான்றாகா. சாம்பலும் பழைய மின்கலமும் கிணற்றையும் குளத்தையும் அணுகாது காத்தல் வேண்டும். நீரை மட்டுமன்றி, அதில் வளரும் கீரையையும் காலந்தோறும் ஆய்வுகூடத்திற் சோதித்தல் வேண்டும். மண்ணிலே படிந்த உலோகத்தை அகற்றுவது பெருஞ்செலவும் நெடுங்காலமும் வேண்டும் பணி. படியாமற் காப்பதே எளிது.