லொறி பேசுவதற்கு முன்



கொட்டகலைப் பக்கம் பனி விலகாத காலையில் தோட்டத்து றோட்டில் சாமான் ஏற்றிய லொறி ஒன்று இறங்கினால், கொழுந்துக்குப் போகிறவர்கள் ஒதுங்கி நின்று, "யாரு லயத்த விட்டுப் போறாங்க?" என்று விசாரிப்பார்கள். லொறியில் ஒரு அலுமாரி, கட்டில், தண்ணீர் பீப்பா, சாமிப் படங்கள், கழற்றிய தகரங்கள், ஒரு கதவு இருக்கும். ஒரு குடும்பத்தின் வீடு அவ்வளவுதான்.

வெளிநாடுகளில் 400 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளைச் சிறு வீடுகள் என்கிறார்கள். சிலர் அவற்றைச் சக்கரத்தின் மேலேயே கட்டி, வண்டியில் பூட்டி ஊர் விட்டு ஊர் இழுத்துப் போகிறார்கள். நமது லயத்துக் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு. 120 சதுர அடிக்குள் தாத்தா, பாட்டி, மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று வாழ்ந்தவர்கள் நாம். அந்தக் கற்சுவரை நகர்த்த முடியாது. அது நமக்குச் சொந்தமும் இல்லை. இஸ்தோப்புக்கு முன்னால் நாம் இறக்கிய தகரச் சாய்ப்பும், பின்னால் கட்டிய அடுப்படியும்தான் நம்முடையவை. வீடு மாறும்போது அவற்றைத்தான் கழற்றிக் கொண்டு போகிறோம்.

கழற்றுவதில் அவசரம் கூடாது. முதலில் மின்சாரம். சாய்ப்புக்கு இழுத்த வயரை நாமே அறுக்கக் கூடாது. மின்சார சபைக்காரர்கள் வந்து துண்டித்த பிறகுதான் தகரத்தில் கை வைக்க வேண்டும். பழைய தகரத்தின் விளிம்பு கத்திதான், கையுறை கட்டாயம். ஒவ்வொரு தகரத்திலும், நிலையிலும், கதவிலும் சுண்ணாம்புக் கட்டியால் இலக்கம் போட்டு வைத்தால், புது இடத்தில் அதே ஒழுங்கில் பூட்டலாம். ஆணி அடித்த பழைய ஓட்டைகளை அடைக்காமல் கூரையில் போட்டால் முதல் மழையிலேயே அடுப்பு நனையும்.

எங்கள் வீட்டார் மாறிய நாளில் சாமான் கட்டி முடிக்கவே பகல் ஒரு மணியாகிவிட்டது. பாதி வழியில் மழை பிடித்தது. சரியாகக் கட்டாத தகரம் ஒன்று காற்றில் எழும்பி றோட்டில் விழுந்தது. பின்னால் யாரும் வராதது எங்கள் அதிர்ஷ்டம். அம்மா சாமி விளக்கை மடியில் வைத்தபடி அழுதுகொண்டிருந்தார். அன்றிலிருந்து எல்லோருக்கும் நான் சொல்வது இதுதான்: விடியற்காலையிலேயே ஏற்றுங்கள். பாரமானதை அடியில், முன்பக்கமாக வையுங்கள். தகரங்களை அடுக்கிப் படுக்க வைத்து, குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு போட்டு, மேலே படங்கு மூடுங்கள். கேஸ் சிலிண்டரை மூடி, நிமிர்த்திக் கட்டுங்கள். சாமானுக்கு மேலே ஆளை ஏற்றவே கூடாது. நம் றோட்டு வளைவுகளில் பாரம் ஒருபக்கம் சாய்ந்தால் லொறியும் சாயும். லயம் வரை லொறி வராத இடங்களில் தலைச்சுமையாகத்தான் இறக்க வேண்டும். அதற்கு முதல் நாளே நான்கு பேரிடம் சொல்லி வையுங்கள்.

இவ்வளவு கவனமாகக் கொண்டுபோகும் வீட்டை எந்த மண்ணில் இறக்கப் போகிறோம்? இன்று நான் பேச வந்ததே அதற்காகத்தான்.

2014 ஒக்டோபர் 29 காலை, பதுளை மாவட்டம் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை முன்பே கொடுக்கப்பட்டிருந்தது. ஆனால் போகச் சொன்னால் போதுமா? போக ஓர் இடம் வேண்டாமா? இடம் காட்டாத எச்சரிக்கையை வைத்துக்கொண்டு ஏழைத் தொழிலாளி என்ன செய்வான்? தப்பியவர்களில் பலர் மாகல்தெனியாவில் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தில் நாளைக் கழித்தார்கள். அவர்களுக்கான 75 வீடுகள் கைக்கு வர 2016 ஆகிவிட்டது. அந்த இரண்டு வருடத் தாமதத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

7 பேர்ச்சஸ் காணியும், 550 சதுர அடி வீடும் என்று இந்திய வீடமைப்புத் திட்டத்தில் பல தோட்டங்களில் வீடுகள் எழுந்திருக்கின்றன. 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். சந்தோஷம்தான். ஆனால் அந்தக் காணி மலையின் எந்த மடியில் இருக்கிறது என்பதை நாம் கேட்க வேண்டும். நுவரெலியா, பதுளை போன்ற மண்சரிவு மாவட்டங்களில் வீடு கட்ட, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு தேவை. மலையை வெட்டி மட்டமாக்கிய இடமா, மேலே இருந்து வரும் தண்ணீருக்குக் கான் வெட்டியிருக்கிறார்களா என்று நீங்களே போய்ப் பாருங்கள். நிலத்தில் வெடிப்பு, சாய்ந்த மரம், சாய்ந்த மின்கம்பம், திடீரென்று கிளம்பிய ஊற்று, திடீரென்று வற்றிய ஊற்று, கலங்கி வரும் தண்ணீர், இறுகித் திறக்க மறுக்கும் கதவு ஆகியவை மண் நகர்வதற்கான அடையாளங்கள்.

குடிபோன பிறகும் மழையைக் கணக்கு வையுங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும். 150 தாண்டினாலோ, ஒரே மணி நேரத்தில் 75 கொட்டினாலோ, சாமானைப் பார்க்காமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117.

புது வீட்டுக்குப் போகக் காத்திருக்கும் உறவுகளே, நீங்கள் போகும் காணிக்குக் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு கிடைத்திருக்கிறதா என்று கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் கேளுங்கள். எழுத்தில் வாங்குங்கள். லொறிக்கு முற்பணம் கொடுப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.