15 நாள் கெடு: ‘முக்தி பவன்’ படமும் அப்பாவோட பஸ்ஸும்

போன வாரம் எபிசோட் வரலை. ‘என்னாச்சு, கடையைச் சாத்திட்டியா?’ன்னு சில பேர் கேட்டீங்க. சாத்தலை. இந்த எபிசோடை ரெண்டு தடவை ரெக்கார்ட் பண்ணி ரெண்டையும் அழிச்சேன். மூணாவது தடவை இது. இதையாவது விட்டுடலாம்னு உக்காந்திருக்கேன்.

படம் பேர் ‘முக்தி பவன்’. ஹிந்திப் படம். வெளிநாட்டுல ‘ஹோட்டல் சால்வேஷன்’ங்கிற பேர்ல போச்சு. 2016ல வெனிஸ் திரைப்பட விழாவுல முதல்ல காட்டினாங்க, 2017 ஏப்ரல்ல இந்தியாவுல ரிலீஸ் ஆச்சு. இயக்குநர் சுபாஷிஷ் புட்டியானி. இது அவரோட முதல் முழுநீளப் படம். எடுத்தப்போ அவருக்கு வயசு இருபதுகள்ல. அந்த வயசுல நானெல்லாம் முதல் அப்ரைசலுக்கே மூக்கால அழுதுட்டு இருந்தேன். அப்பா மகன் கதைன்னு சொன்னேன்ல, படத்தோட தயாரிப்பாளர் சஞ்சய் புட்டியானி, இயக்குநரோட அப்பாதான்.

முன்கூட்டியே சொல்லிடறேன், கடைசிக் காட்சி வரைக்கும் பேசப் போறேன். ஸ்பாய்லர் வேண்டாம்னா படத்தைப் பார்த்துட்டு வாங்க. ஆனா இதுல ஸ்பாய்லர்னு பெருசா என்ன இருக்கு? 77 வயசு அப்பா ஒருத்தர், ‘எனக்கு நேரம் வந்துடுச்சு, என்னைக் காசிக்குக் கூட்டிட்டுப் போ’ங்கிறார். எங்க போய் முடியும்னு உங்களுக்கே தெரியும்.

அந்த அப்பா பேர் தயா. ஒரு கனவு வருது, அதுல அவர் சின்னப் பையன், அவங்க அம்மா கூப்பிடறாங்க. எழுந்ததும் அவருக்கு விஷயம் முடிவாயிடுது. குடும்பமே உக்காந்து சாப்பிட்டுட்டு இருக்கும்போது, ‘உப்பு கொஞ்சம் கம்மி’ங்கிற மாதிரி சாதாரணமா இதைச் சொல்றார். காசியில உயிர் போனா மோட்சம்ங்கிறது நம்பிக்கை. அதனால அங்க போய் இருந்து சாகணும். யார் கூட்டிட்டுப் போறது? மகன் ராஜீவ். அவனோ ஆபீஸ் டார்கெட்டுக்கும் பொண்ணு கல்யாணத்துக்கும் நடுவுல நசுங்கிட்டு இருக்கிற ஆள்.

ராஜீவா நடிச்சது அதில் ஹுசைன். ‘இங்கிலீஷ் விங்கிலிஷ்’ல ஸ்ரீதேவியோட வீட்டுக்காரரா வருவாரே, ‘லைஃப் ஆஃப் பை’ல அப்பாவா வருவாரே, அவர்தான். இந்தப் படத்துக்காக 64வது தேசிய விருதுகள்ல சிறப்புக் குறிப்பு வாங்கினார். தயாவா நடிச்சது லலித் பெஹல்.

இப்போ ராஜீவ் பாஸ்கிட்ட லீவு கேட்கணும். இங்கதான் காமெடி ஆரம்பிக்குது. எத்தனை நாள் லீவு? காரணம் என்ன? அப்பா சாகப் போறார். எப்போ சாவார்? அது தெரியாது. நம்ம ஆபீஸ் லீவ் போர்ட்டல்ல இதை எப்படி அப்ளை பண்ணுவீங்க? ‘முடியும் தேதி’ங்கிற கட்டத்தை நிரப்பாம சப்மிட் பட்டனே வேலை செய்யாது.

போற வழியில டாக்சி. வேகம் ஜாஸ்தியா இருக்கு, மெதுவாப் போங்கிறார் அப்பா. வண்டி ஊர்ந்து போகுது. மகன் உள்ளுக்குள்ள கொதிக்கிறான், அப்பா ஜன்னல் வழியா வேடிக்கை பார்க்கிறார். சாகறதுக்குன்னு கிளம்பின ஆளுக்கு அவசரமே இல்லை. கூட்டிட்டுப் போறவனுக்குத்தான் அவசரம். அந்த டாக்சிக்கு அப்புறம் திரும்ப வருவேன், ஞாபகம் வச்சுக்கங்க.

காசியில அவங்க போய்ச் சேர்ற இடம்தான் முக்தி பவன். சாகறதுக்காக வர்றவங்க தங்கற விடுதி. கற்பனைன்னு நினைச்சுடாதீங்க. காசி லாப் முக்தி பவன்னு நிஜமாவே ஒரு இடம் அங்க இருக்கு. படத்துல வர்ற விடுதியில அழுக்குச் சுவர், ஒரு கட்டில், எலி. மேனேஜர் மிஸ்ராஜி ரூல்ஸ் சொல்றார். அதுல முக்கியமான ரூல், 15 நாள்தான் தங்கலாம். அதுக்குள்ள முக்தி கிடைச்சா சரி, கிடைக்கலைன்னா ரூமைக் காலி பண்ணணும்.

15 நாள்! நான் சிரிச்சு சோபாவுல இருந்து விழுந்தேன். ஐடியில இருக்கிறவங்களுக்குத் தெரியும், நம்ம ஸ்பிரிண்ட் ரெண்டு வாரம். இந்த மனுஷன் தன் சாவை ஒரு ஸ்பிரிண்ட்ல முடிக்கணும். முடியலைன்னா? அதுக்கும் மிஸ்ராஜிகிட்ட வழி இருக்கு. அதே ஆளை வேற பேர்ல புதுசா எழுதிடுவார். பழைய டிக்கெட்டை மூடிட்டு அதையே புது நம்பர்ல திறக்கிறோம்ல, அதேதான். அந்த விடுதியில விமலான்னு ஒரு அம்மா இருக்காங்க. புருஷனோட வந்தவங்க. அவர் போய்ச் சேர்ந்துட்டார், இவங்களுக்கு நேரம் வரலை. 18 வருஷமா அங்கேயே இருக்காங்க. 18 வருஷ ஸ்பில் ஓவர்.

இந்தப் படத்துல யாரும் காமெடி பண்ண மாட்டாங்க, அதான் எனக்குப் பிடிச்சது. கேமரா ஒரு ஓரமா நிக்கும். ஆளுங்க அவங்கவங்க வேலையைப் பார்ப்பாங்க. பெரிய விஷயமும் சில்லறை விஷயமும் ஒரே ஃபிரேம்ல இருக்கும். ஒரு பக்கம் மோட்சம், இன்னொரு பக்கம் சிக்னல் கிடைக்காத வீடியோ கால். நம்ம வீட்டு சாவுலயும் அப்படித்தானே? ஒருத்தர் கதறி அழுதுட்டு இருப்பார், பக்கத்துல ஒருத்தர் சாமியானாகாரன்கிட்ட வாடகை பேசிட்டு இருப்பார். ரெண்டுமே நிஜம்.

தயாவும் விமலாவும் அங்க நல்ல சிநேகிதமாயிடறாங்க. விமலாவா நடிச்சது நவ்நிந்திர பெஹல். நிஜத்துல அவங்க லலித் பெஹலோட மனைவி. கட்டிக்கிட்டவங்க ரெண்டு பேர் திரையில முதல் தடவையா அறிமுகம் ஆகிறாங்க. இதைத் தெரிஞ்சுக்கிட்டுப் பார்த்தா அந்தக் காட்சிகள் வேற மாதிரி இருக்கும். 2021 ஏப்ரல்ல, கொரோனா ரெண்டாவது அலையில, லலித் பெஹல் இறந்துட்டார். இப்போ படம் பார்க்கிறவங்களுக்கு இதுவும் கூடச் சேர்ந்துக்கும்.

ராஜீவ் என்ன பண்றான்? கடமையை ஒழுங்காப் பண்றான். அப்பாவுக்கு வேண்டியதைச் செய்றான், பக்கத்துலயே இருக்கான். ஆனா போன் அடிச்சுட்டே இருக்கு. ஆபீஸ், வீடு, கல்யாண வேலை. அவன் கெட்டவன் இல்லை. பொறுப்பான பையன். பிரச்சனையே அந்தப் பொறுப்புதான்.

அவனைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சிரிப்பு நின்னுடுச்சு. ஏன்னு சொல்றேன். இந்த இடத்துலதான் ரெண்டு தடவையும் ரெக்கார்டிங்கை அழிச்சேன்.

எங்கப்பா அரசு பஸ் கண்டக்டர். திண்டுக்கல் குமுளி ரூட்ல ரொம்ப வருஷம் போனவர். ரிட்டயர் ஆகி மூணாவது வருஷம் நுரையீரல்ல புற்றுநோய். டாக்டர் என்னையும் அம்மாவையும் தனியாக் கூப்பிட்டு, மாசக் கணக்குல பேசினார். அப்பாகிட்ட நாங்க சொல்லலை. அவருக்குத் தெரிஞ்சிருக்கும். ஒரு நாள் ராத்திரி, ‘டேய், குமுளி பஸ்ஸுல ஒரு தடவை போயிட்டு வரணும்டா’ன்னார். ‘முன்னாடி சீட் வேண்டாம். கண்டக்டர் சீட் பக்கத்துல இடம் கிடைச்சா போதும். நீயும் வா.’

நான் என்ன பண்ணேன்? என்ஜினியர் பண்றதைப் பண்ணேன். பஸ்ஸுல தூசி, கூட்டம், இன்ஃபெக்ஷன் ஆயிடும்னு சொல்லி, ஏசி கார் ஒண்ணு வாடகைக்குப் பேசினேன். தலையணை, மாத்திரை, பக்கத்துல இருக்கிற ஆஸ்பத்திரி நம்பர் எல்லாம் ஒரு கூகுள் ஷீட்ல போட்டேன். ரிலீஸ் இருந்ததால தேதியை ரெண்டு தடவை தள்ளினேன். கடைசியா ஒரு வியாழக்கிழமை கிளம்பினோம். அப்பாகிட்ட லீவு போட்டுட்டேன்னு சொன்னேன். போடலை. ஒர்க் ஃபிரம் ஹோம்னு டீமுக்கு மெசேஜ் போட்டுட்டு, லாப்டாப்பை மடியில வச்சுட்டு கார்ல முன் சீட்ல உக்காந்திருந்தேன்.

செம்பட்டி தாண்டினதும் ஆபீஸ்ல ஏதோ உடைஞ்சிடுச்சு. கால் மேல கால். வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுல நிறுத்தச் சொன்னார் அப்பா. ‘இங்க பத்து நிமிஷம் நிக்கும்’ன்னார், கார்ல வந்திருக்கோம்ங்கிறதையே மறந்துட்டு. நான் இறங்கலை. வண்டிக்குள்ளயே பேசிட்டு இருந்தேன். கண்ணாடி வழியா அப்பா டிரைவர் அண்ணனோட டீக்கடையில நிக்கறது தெரிஞ்சது. தேவதானப்பட்டி, பெரியகுளம், தேனி, கம்பம்னு ஒவ்வொரு ஸ்டாப்பா வரும்போது பின்னாடி இருந்து மெதுவா ஒரு சத்தம் கேட்டுட்டே இருந்தது. ‘ரைட்’னு சொல்லிட்டு வர்றார். யாரும் ஏறலை, யாரும் இறங்கலை. நான் ஒரு காதுல இயர்போன் போட்டிருந்தேன்.

குமுளியில இருபது நிமிஷம் இருந்திருப்போம். சாயங்காலம் எனக்கு மீட்டிங், திரும்பிட்டோம். ராத்திரி அந்த ஷீட்ல ‘குமுளி டிரிப்’ங்கிற கட்டத்துக்குப் பச்சைக் கலர் அடிச்சேன். முடிஞ்சது. அப்பா ஆசையை நிறைவேத்திட்டேன்னு திருப்தியாத் தூங்கினேன்.

மூணு மாசம் கழிச்சு அப்பா போயிட்டார். காரியத்துக்கு அந்தக் கார் டிரைவர் அண்ணன் வந்திருந்தார். ‘தம்பி, அன்னிக்கு வத்தலக்குண்டுல பழைய டைம் கீப்பர் ஒருத்தரை உங்கப்பா பார்த்தார். என் பையன்தான் கூட்டிட்டு வந்தான், எனக்காக லீவு போட்டு வந்திருக்கான்னு அவர்கிட்ட சொன்னார்’னு சொன்னார்.

அதுக்கு மேல இதைப் பத்திப் பேச எனக்கு ஒண்ணும் இல்லை. படத்துக்குத் திரும்பிடறேன்.

ஒரு நாள் ராத்திரி தயாவுக்கு ரொம்ப முடியாமப் போகுது. இதுதான் கடைசின்னு எல்லாரும் நினைக்கிறாங்க. அப்பாவும் மகனும் அத்தனை வருஷமா பேசாம வச்சிருந்ததைப் பேசறாங்க. நாமளும் அழ ரெடி ஆயிடறோம். காலையில பார்த்தா, மனுஷன் தேறிட்டார்! கண்ணீரெல்லாம் வேஸ்ட். ஆனா வேஸ்ட் இல்லை. சாவு வரும்னு நினைச்ச அந்த ராத்திரி வராம இருந்திருந்தா அவங்க பேசியிருக்கவே மாட்டாங்க.

அப்புறம் விமலா இறந்துடறாங்க. அதுக்கப்புறம் தயா மகனை வீட்டுக்குப் போகச் சொல்றார். நீ கிளம்பு, நான் இருந்துக்கறேன்ங்கிறார். நம்ம சினிமாவுல மகன் மடியிலதான் அப்பா உயிர் போகணும். இங்க மகன் பக்கத்துல இல்லாதப்போ அப்பா போறார். முதல்ல எனக்கு இது கோபமா இருந்தது. இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்து, இத்தனை நாள் கூட இருந்துட்டு, கடைசியில இல்லைன்னா என்ன அர்த்தம்?

ரெண்டாவது தடவை பார்த்தப்போதான் புரிஞ்ச மாதிரி இருந்தது. அந்த அப்பா மோட்சத்துக்காக காசி கேட்டார், அது உண்மைதான். ஆனா அவருக்குக் கிடைச்சது மகனோட கொஞ்ச நாள். ஒரே ரூம்ல, மகன் சமைச்ச சாப்பாட்டைச் சாப்பிட்டு, சண்டை போட்டு. அது கிடைச்ச பிறகு மகனை அனுப்ப அவரால முடிஞ்சது. கடைசி ஆசைங்கிறது பல நேரம் ஒரு இடமோ பொருளோ இல்லை, நம்ம நாட்கள்தான். அதை நேரடியாக் கேட்கக் கூச்சப்பட்டு, காசி, குமுளின்னு ஒரு ஊர் பேரைச் சொல்றாங்க. பஸ்ஸா இருந்தா பல மணி நேரம் அவர் பக்கத்துல உக்காந்திருப்பேன். அந்த நெரிசல்ல லாப்டாப்பைத் திறக்கவே முடியாது. எங்கப்பா அதை யோசிச்சுத்தான் கேட்டாரான்னு எனக்குத் தெரியாது. ‘நீயும் வா’ன்னு சொன்னது மட்டும் காதுல இருக்கு.

கடைசியில இறுதி ஊர்வலம் வருது. ராஜீவ் உடைஞ்சு அழறான், அப்புறம் அந்த அழுகையோடயே கை தட்ட ஆரம்பிக்கிறான். அழறானா சிரிக்கறானான்னு சொல்ல முடியாது. அந்த ஒரு முகத்துக்காகவாவது படத்தைப் பாருங்க.

படம் பார்த்து முடிச்சதும் நேரா சமையல்கட்டுக்குப் போனேன். அம்மா வெங்காயம் உரிச்சுட்டு இருந்தாங்க. ‘அம்மா, உனக்கு ஏதாவது ஆசை இருக்கா? எங்கயாவது போகணுமா, சொல்லு’ன்னேன்.

அம்மா நிமிர்ந்து பார்த்தாங்க. ‘ஏண்டா, டாக்டர் ஏதாவது சொன்னாரா?’

‘அதெல்லாம் இல்லம்மா. சும்மாதான் கேட்டேன்.’

‘சும்மா இருந்தா அந்தப் போனை உள்ள வச்சுட்டு வந்து உக்காரு. இன்னும் கால் கிலோ கிடக்கு.’

உரிச்சேன். முடியற வரைக்கும் உரிச்சேன். போன வாரம் எபிசோட் வராததுக்கு அதுவும் ஒரு காரணம்.

அவ்வளவுதான் மக்களே. படம் பார்த்தீங்கன்னா எப்படி இருந்ததுன்னு எழுதுங்க. உங்க வீட்டுல யாராவது ஏதாவது ஒரு ஊர் பேரைச் சொல்லிட்டு இருந்தா, போற வழியில இந்த எபிசோடைக் கேட்காதீங்க. இயர்போனைக் கழட்டிட்டு அவங்ககிட்ட பேசிட்டே போங்க. அடுத்த வாரம் பார்ப்போம். ரைட்.