மதிற்சுவரும் மாற்றுவழியும்

(உரையின் வடிவம்)

கொள்ளேகாலுக்கு அண்மையில் காவிரி இரு கிளைகளாகப் பிரிந்து அருவிகளாய் வீழும் சிவனசமுத்திரத்தில், 1902-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் நீர்மின் நிலையம் ஒன்று இயங்கத் தொடங்கியது. அங்கு உற்பத்தியான மின்சாரம் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கடந்து கோலார் தங்கச் சுரங்கங்களைச் சென்றடைந்தது. அத்துணை நெடுந்தொலைவிற்கு மின்சாரத்தைக் கொண்டு செல்வது அந்நாளில் அரிய சாதனை. மைசூர் திவான் சேஷாத்திரி ஐயர் காலத்தில் அத்திட்டம் உருப்பெற்றது. கொள்ளேகால் வட்டம் அப்போது சென்னை மாகாணத்தின் கோயமுத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1956-இல் மாநிலச் சீரமைப்பின்போதே மைசூர் மாநிலத்தோடு இணைந்தது.

தொடக்க ஆண்டுகளிலேயே ஒரு குறை புலப்பட்டது. கோடையில் ஆற்றில் நீர் குறைந்தபோது உற்பத்தியும் தளர்ந்தது. நிலையத்தைச் சுற்றி எத்தனை காவலரை நிறுத்தினும் இக்குறை தீர்ந்திராது. 1911-இல் பணி தொடங்கிய கண்ணம்பாடி அணையின் நோக்கங்களுள் ஒன்று, பாசனத்தோடு இம்மின்நிலையத்திற்கும் ஆண்டு முழுவதும் நீர் கிடைக்கச் செய்வதாகும். ஆகவே, எரிசக்திப் பாதுகாப்பு என்பது நிலையத்தைக் காப்பது மட்டுமன்று. வழங்கல் அறுந்துவிடாமல் காப்பது. பயங்கரவாத அச்சுறுத்தல் மிகுந்துள்ள இக்காலத்திற்கும் இவ்வுண்மை பொருந்தும்.

உலகம் கற்ற பாடங்கள்

மின்கோபுரங்களும் எண்ணெய்க் குழாய்களும் காடு, வயல், மலை என ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீள்கின்றன. ஒவ்வொரு கோபுரத்தடியிலும் காவலரை நிறுத்துவது எந்த அரசாலும் இயலாது. மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படை 1969-இல் அமைக்கப்பட்டது முதல் முக்கிய நிலையங்களின் காவல் வலுப்பெற்றுள்ளது. எனினும் நீண்ட வழிகளுக்கு வேறு அரண் தேவை.

2013 ஏப்ரலில் கலிபோர்னியாவின் மெட்காஃப் துணை மின்நிலையத்தைச் சிலர் தொலைவிலிருந்து துப்பாக்கியால் சுட்டனர். 17 மின்மாற்றிகள் பழுதுற்றன. எனினும் மின்சாரம் வேறு வழிகளில் திருப்பிவிடப்பட்டதால் பெரும் இருள் நேரவில்லை. அங்கே காத்தது மாற்றுவழி. 2015 டிசம்பரில் உக்ரைனின் மின் வழங்கல் நிறுவனங்களது கணினிகளுக்குள் ஊடுருவியோர் இரண்டு லட்சத்திற்கு மேற்பட்ட நுகர்வோரை இருளில் ஆழ்த்தினர். ஊழியர்கள் துணை மின்நிலையங்களுக்கு நேரில் சென்று, கையாலேயே இணைப்பைச் சில மணி நேரத்தில் மீட்டனர். அங்கே காத்தது தொழிலாளரின் பயிற்சி. 2019 செப்டம்பரில் சவூதி அரேபியாவின் அப்கைக் எண்ணெய் நிலையம் தாக்குண்டபோது, அந்நாட்டின் உற்பத்தி ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஏற்றுமதியைத் தாங்கி நின்றது சேமிப்புக் கிடங்குகளில் இருந்த எண்ணெய். அங்கே காத்தது இருப்பு.

நம் நாட்டின் நிலை

இந்தியா தன் கச்சா எண்ணெய்த் தேவையில் 85 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்கிறது. விசாகப்பட்டினம், மங்களூர், பாதூர் ஆகிய இடங்களின் நிலத்தடிப் பாறைக் குகைகளில் 53.3 லட்சம் டன் எண்ணெயைச் சேமிக்கும் வசதி உருவாகியுள்ளது. பின்னிரண்டும் கர்நாடகத்தின் கடலோரத்தில் உள்ளவை. ஆயின் நாட்டின் முழுத் தேவையோடு ஒப்பிட்டால், இக்கொள்ளளவு சுமார் பத்து நாள்களுக்கே போதும்.

மின்சாரத்திலோ இணைப்பே வலிமை; இணைப்பே ஆபத்தும் ஆகலாம். 2012 ஜூலை 30, 31 நாள்களில் வட இந்திய மின்தொகுப்பு வீழ்ந்தபோது அறுபது கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் பகுதிகள் இருண்டன. அது எவரது சதியுமன்று, மிகைச்சுமையின் விளைவு. தெற்குத் தொகுப்பு அப்போது தனித்து இயங்கியதால் தப்பியது. 2013-இன் இறுதியில் ராய்ச்சூர் - சோலாப்பூர் வழியே அதுவும் நாட்டோடு இணைந்தது. பற்றாக்குறையின்போது பிற பகுதிகள் கைகொடுக்கும் நன்மை இதனால் வந்தது. நெருக்கடியில் தன்னைப் பிரித்துக்கொண்டு மருத்துவமனை, குடிநீர், இரயில் ஆகியவற்றிற்கேனும் மின்சாரம் தரும் ஏற்பாடு ஒவ்வொரு பெருநகருக்கும் தேவை என்பதும் இதனால் உறுதியாயிற்று.

வழியோரத்து மக்கள்

கொள்ளேகால் பகுதிக் காடுகள் வன்முறையை அறிந்தவை. 1993 ஏப்ரல் 9 அன்று பாலாற்றருகே வீரப்பன் கூட்டத்தார் வைத்த கண்ணிவெடியில் 22 பேர் மாண்டனர். அது மின்நிலையத்தைக் குறிவைத்ததன்று. ஆயினும் காட்டுவழி ஒன்றைக் காப்பது எத்துணை அரிதென்பதைக் காட்டியது. பின்னர் நடந்த தேடுதல் வேட்டையில் சிற்றூர் மக்களும் பழங்குடியினரும் துன்புற்றனர் என்ற முறையீடுகளைத் தேசிய மனித உரிமை ஆணையத்தின் குழு விசாரித்தது. பாதிக்கப்பட்டோருக்கு நிவாரணம் வழங்க 2007-இல் ஆணையம் பரிந்துரைத்தது. கோபுரத்தருகே அயலார் நடமாட்டத்தை முதலில் காண்பவர் ஆடு மேய்ப்பவரே. அவர் காவல் நிலையத்திற்கு அஞ்சாமல் வந்து சொல்லும் நிலை இல்லையேல், காவலின் பெரும்பகுதி வீணாகும்.

செலவா, சேமிப்பா?

பெரிய மின்மாற்றி ஒன்றைப் புதிதாகச் செய்து நிறுவப் பல மாதங்கள் ஆகும். ஆகையால் மாற்று மின்மாற்றிகளை முன்கூட்டியே வாங்கி வைக்கவேண்டும். கணக்குப் பார்ப்போருக்கு அவை சும்மா கிடக்கும் பொருளாகவே தோன்றும். இரண்டாவது மின்வழி, நிறைந்த எண்ணெய்க் கிடங்கு, ஆண்டுதோறும் பயிற்சி பெறும் கம்பியாளர் ஆகிய யாவும் அமைதிக் காலத்தில் மிகைச் செலவாகவே காட்சி தரும். இச்செலவை யார் ஏற்பது என்பதைக் கொள்கை வகுப்போர் இப்போதே தீர்மானிக்கவேண்டும். மின்கட்டணத்தில் ஒரு சிறு பங்கை இதற்கென ஒதுக்கினால் சுமை பரவலாகும். ஏழை நுகர்வோருக்கு விலக்கும் அளிக்கலாம்.

மழைக்காலத்தில் தேக்கிய நீரே கோடையில் சிவனசமுத்திரத்தின் சக்கரங்களைச் சுழற்றியது. நாட்டின் எரிசக்திக்கும் அத்தகைய தேக்கம் தேவை. தாக்குவோனின் நோக்கம் ஒரு கோபுரத்தை வீழ்த்துவதன்று. மக்களின் அன்றாட வாழ்வை நிறுத்துவது. கோபுரம் வீழ்ந்தும் விளக்கு எரியுமானால் அந்நோக்கம் தோற்றுவிடும்.